பன்னிரண்டு பத்துக்குள் ஒரு பழைய படம்

போன் அடித்தபோது ஐரீன் காலடிப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தாள். எலி கடித்துப் போட்ட கேபிளை மாற்றிக்கொண்டிருந்தவளுக்கு, வாயில் கவ்வியிருந்த டார்ச்சை எடுத்துவிட்டுப் பேசவே சற்று நேரம் பிடித்தது.

"ஐரீனு, எங்கம்மா கீற?"

சிலுவைமுத்துவின் குரல். டோல்கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடலரசி ஸ்கேன் சென்டரின் மேனேஜர். மற்ற நாளாக இருந்தால் முதலில் அவள் அம்மாவை விசாரிப்பார், அடுத்து அவள் புருஷன் ஃப்ரெடியின் முதுகுவலியை விசாரிப்பார், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். இன்றைக்கு யாரையும் விசாரிக்கவில்லை.

"சர்வரு யாரையும் உள்ள வுட மாட்டேங்குதும்மா. எந்தக் கம்ப்யூட்டர்ல தொட்டாலும் அனுமதி இல்ல, அனுமதி இல்லன்னே வருது. இங்க ஒரு பொண்ணு வந்து நிக்குது. அது புருஷன் ஆஸ்பத்திரில... நீ ஒடனே வா."

"யாராவது எதையாவது தொட்டீங்களா மாமா?"

"யாரும் எதையும் தொடலம்மா. தானா ஆயிட்ச்சு."

தானா ஆயிட்ச்சு! இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டே ஐரீனுக்குத் தலைமுடி பாதி வெளுத்துவிட்டது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை அவள் பார்க்கிற நாற்பது ஆபீஸ்களிலும் எதுவாக இருந்தாலும் தானாகத்தான் ஆகும். தேநீர் தானாகக் கொட்டிக்கொள்ளும், வைரஸ் தானாக வந்து உட்காரும், பாஸ்வேர்டு தானாக மறந்துபோகும். ஆனால் இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிலுவைமுத்து மாமாவின் குரல் நடுங்கி அவள் இதுவரை கேட்டதே கிடையாது.

மணி பத்து இருபது. கேபிளைப் பாதியில் போட்டுவிட்டு ஸ்கூட்டியை உதைத்தாள்.

நாற்பத்து மூன்று வயது. ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பா துறைமுகத்தில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டினார். பிளஸ் டூ முடித்த கையோடு ஐரீன், கப்பல் சரக்குக்குப் பேப்பர் போடும் ஓர் ஆபீசில் டைப் அடிக்கப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மவுண்ட் ரோட்டிலிருந்து ஒரு மனிதர் வர வேண்டும். அவரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மூன்று நாள் பிகு பண்ணிக்கொண்டுதான் வருவார். ஒரு மழை நாளில், கப்பல் கிளம்பப் போகிற நேரத்தில் திரை இருண்டுபோக, முதலாளி தலையில் அடித்துக்கொள்ள, ஐரீன் சாப்பாட்டு அறையில் கிடந்த பழம் நறுக்கும் கத்தியால் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே தூசி படிந்திருந்த ஒரு சின்ன அட்டையை உருவித் துடைத்து மறுபடி செருகினாள். திரை ஒளிர்ந்தது. அந்த வெளிச்சத்தில்தான் அவள் தன் வாழ்க்கையையே பார்த்தாள்.

அதற்குப் பிறகு தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பு, டிப்ளமோ, சொந்தமாக ஒரு தோள்பை. ஆனால் போகிற இடமெல்லாம் அவளைப் பார்த்துவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "மெக்கானிக் எங்கம்மா?" என்பார்கள். எட்டிப் பார்க்காத முதல் ஆள் சிலுவைமுத்து. "வா பாப்பா, பொட்டி அந்த ரூம்ல கீது" என்று சாவியை நீட்டினார். ஒன்பது வருடம் ஆகிறது. அந்தச் சாவிக்காக, அவர் கூப்பிட்டால் ஐரீன் இன்றைக்கும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுவாள்.

சென்டர் வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நைட்டி மேல் துப்பட்டா. ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் ஓர் ஆம்பளைச் செருப்பு. எந்த நேரத்தில் எந்தக் கோலத்தில் வீட்டை விட்டு ஓடிவந்தாள் என்பதை அந்தக் கால்களே சொல்லின.

"நீதான் சிஸ்டம் அக்காவா?" ஐரீனின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "எக்கா, எம் பேரு அம்மு. வியாசர்பாடி. எம் புருஷன் பரசுராமன், எண்ணூர்ல டிரெய்லர் ஓட்டுறாரு. காலைல டீ குடிச்சிகினு இருந்த மனுஷன்க்கா. கிளாஸ் கையில நிக்கல. இன்னா நைனா ஆச்சுன்னு கேக்கறேன், வாய் ஒரு பக்கமா போவுது..."

கையிலிருந்த போனை ஐரீனிடம் நீட்டினாள். மறுமுனையில் பெரியாஸ்பத்திரி டாக்டர்.

"நான் டாக்டர் மகிமா. நீங்க கம்ப்யூட்டர் சரி பண்றவங்களா? நல்லது. ஒரே ஒரு தடவை சொல்றேன், கேட்டுக்கோங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அவருக்கு அடைப்பு. அதைக் கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்ச நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். ஏழு நாற்பதுக்கு ஆரம்பிச்சிருக்கு. அப்போ பன்னிரண்டு பத்து."

"போட வேண்டியதுதானே டாக்டர்?"

"ஸ்கேன்ல ஒரு ஓரத்துல வெள்ளையா ஒரு புள்ளி தெரியுது. என்னைக்கோ படிஞ்ச சுண்ணாம்பா இருந்தா ஒண்ணுமில்லை, ஊசியைப் போட்டுடுவேன். இன்னைக்குக் கசிஞ்ச ரத்தமா இருந்தா, அந்த ஊசியே அவரைக் கொன்னுடும். காந்த ஸ்கேன்ல வெச்சுப் பார்க்கவும் வழியில்லை. வெல்டிங் வேலை பார்த்த காலத்துல கண்ணுக்குப் பின்னால இரும்புத் துகள் போய் உட்கார்ந்திருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி லாரியில இருந்து விழுந்து, உங்க சென்டர்லதான் தலைக்கு ஸ்கேன் எடுத்திருக்காங்க. அந்தப் படத்துல இதே புள்ளி இருக்கான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

ஐரீன் அம்முவைப் பார்த்தாள். "படம் உன்கிட்ட இல்லையாம்மா?"

"இருந்துச்சுக்கா! பெரிய கவர்ல போட்டுக் குடுத்தாங்க. கட்டிலுக்கு அடியில பத்திரமா வெச்சிருந்தேன். வெள்ளத்துல வூட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சே, ஊறிப் போயி கலீஜாயிட்ச்சு. என் கையாலயே தூக்கிப் போட்டேன்க்கா. இந்தக் கையாலயே!" அவள் தன் வலது கையைச் சுவரில் மோதிக்கொண்டாள். ஐரீன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

மணி பத்து நாற்பத்தைந்து.

பின்னறையில் இருந்தது அந்தப் பெட்டி. ஒரு சின்ன பீரோ அளவு. கடந்த எட்டு வருடங்களில் இந்தச் சென்டரில் எடுத்த அத்தனை பேரின் தலையும் நெஞ்சும் முதுகெலும்பும் அதற்குள் படங்களாக இருந்தன. வரவேற்பறைக் கம்ப்யூட்டர், ஸ்கேன் எடுக்கும் கம்ப்யூட்டர், டாக்டர் ரிப்போர்ட் எழுதும் கம்ப்யூட்டர் மூன்றுமே இந்தப் பெட்டியின் கதவைத் தட்டித்தான் படத்தை வாங்கிக்கொள்ளும். இன்று காலை ஏழு மணிக்குக் கரண்ட் போய் எட்டு மணிக்கு வந்தது. அப்போதிருந்து மூன்றையும் அது விரட்டுகிறது.

"காலைல இருந்து நானும் தட்டிப் பாக்கறேன்க்கா" என்றாள் டெபோரா, ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். "ஒரே பாட்டுதான். அனுமதி மறுக்கப்பட்டதுன்னு."

ஐரீன் கேபிள்களைப் பார்த்தாள். பச்சை விளக்குகள் ஒழுங்காகச் சிமிட்டின. தன் லேப்டாப்பைத் திறந்து பெட்டியை ஒரு குரல் கூப்பிட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது. அப்படியானால் பெட்டி உயிரோடுதான் இருக்கிறது, வழியும் சரியாக இருக்கிறது. கதவைத் தட்டி யாரும் வராமல் இருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். கதவைத் திறந்து முகத்தைப் பார்த்து 'போ' என்று சொன்னால்? அது வேறு சங்கதி. யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். யார்? எங்கே? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"எக்கா, அந்தப் பொட்டியத் தூக்கி என்கிட்ட குடு!" அம்மு பின்னறை வாசலுக்கே வந்துவிட்டாள். "ஆட்டோல போட்டுகினு ஆஸ்பத்திரிக்கே போயிடறேன். படம் அதுக்குள்ளதான கீது?"

"உள்ளதாம்மா கீது. ஆனா மூணு லட்சம் படம் வெறும் நம்பரா கெடக்கு. எந்த நம்பரு உன் வூட்டுக்காரர்னு அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற புரோகிராமுக்குத்தான் தெரியும். அதை இது உள்ள வுடணும். பொட்டிக்குக் கோவம், நாம சமாதானம் பண்ணணும்."

"சமாதானம் பண்ணுக்கா. கால்ல வேணா வுழறேன்."

அவள் சொன்னதில் விளையாட்டு இல்லை. உண்மையிலேயே விழுந்துவிடுவாள் போலிருந்தது.

ஐரீன் முதலில் பெட்டியோடு நேராக இணைத்திருந்த திரையில் அதன் கடிகாரத்தைப் பார்த்தாள். கரண்ட் போய் வந்தால் சில பெட்டிகளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும், பழைய தேதிக்குப் போய்விடும். தேதியில் தப்பு இருந்தால் யாரையும் நம்பாது. நினைத்தபடியே இரண்டு மணி நேரம் பின்தங்கியிருந்தது. "ஆண்டவரே, இதுவா இருக்கட்டும்" என்று திருத்தினாள். டெபோரா முன்னறையிலிருந்து கத்தினாள்: "வுடலக்கா!"

பாஸ்வேர்டை மாற்றினாள். "வுடலக்கா!"

படங்கள் இருக்கும் அறைக்கு யார் யார் போகலாம் என்ற உரிமைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் அவள் போட்டு வைத்தபடியே இருந்தன. "வுடலக்கா!"

மணி பதினொன்று பத்து.

சிலுவைமுத்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அறுபத்தோரு வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஜெபமாலை. உதடுகள் அசைந்தன. அவரைப் பார்க்கப் பார்க்க ஐரீனுக்குப் பதற்றம் கூடியது. இந்தப் பெட்டியை அமைத்தது அவள். இதன் ஒவ்வொரு சட்டமும் அவள் எழுதியது. பரசுராமன் என்கிற, முகம்கூடத் தெரியாத அந்த மனிதனை வாசலில் நிறுத்தியிருப்பது அவளுடைய காவல்காரன்தான்!

பெட்டி எழுதி வைத்திருந்த நாட்குறிப்பைத் திறந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதில் பதிவாகும். கரண்ட் வந்த நேரம் முதல் வரிசையாக ஒரே வாசகம். வரவேற்பறை வந்தது, மறுத்தேன். ரிப்போர்ட் அறை வந்தது, மறுத்தேன். ஸ்கேன் அறை வந்தது, மறுத்தேன். ஏன் மறுத்தாய் என்று மட்டும் அந்தப் பாழாய்ப்போன பெட்டி எழுதவில்லை.

அம்முவின் போன் அடித்தது. பரசுராமனின் தம்பி அறிவு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"அண்ணி, படம் கெட்ச்சுதா?"

"பாத்துகினு கீறாங்க அறிவு. உங்கண்ணன் எப்டி கீறாரு?"

"கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் ஏதோ சொல்லிகினு இருந்தாரு அண்ணி. இப்போ சும்மா பாக்கறாரு. என்னையே பாக்கறாரு. பேச்சு வரல. கண்ணுல மட்டும் தண்ணி வருது."

அம்மு போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைச் சத்தம் வரவில்லை. அதுதான் ஐரீனுக்குத் தாங்கவில்லை.

"மாமா, ரீஸ்டார்ட் பண்றேன்" என்றாள். "ஆறு நிமிஷம் ஆகும். வேற வழியில்ல."

அந்த ஆறு நிமிடம் இருக்கிறதே, அதை ஐரீன் தன் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். பெட்டி கண்ணை மூடிக்கொண்டது. விசிறிகள் நின்றன. வெளியே நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் அம்மு தலையைத் தூக்கிப் பார்த்தாள். யார் வீட்டுப் புருஷன்களோ ஓட்டிப் போகிறார்கள். ஐந்தாவது நிமிடம் ஒரு விளக்கு ஆரஞ்சில் எரிந்தது. அப்புறம் பச்சை. டெபோரா கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

"அக்கா..." டெபோராவின் குரல் உடைந்தது. "வுடலக்கா."

பதினொன்று முப்பத்தைந்து. டாக்டர் மகிமா மறுபடி கூப்பிட்டார். "ஊசியைத் தயாரா எடுத்து வெச்சிட்டேன். ஆனா கண்ணை மூடிக்கிட்டுப் போட மாட்டேன். பன்னிரண்டு பத்துக்கு மேல பிரயோஜனமும் இல்லை. புரியுதில்ல?"

"புரியுது டாக்டர்."

ஐரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனி மிச்சமிருப்பது இரண்டு பட்டியல்கள். ஒன்று, யார் யார் வரலாம் என்ற பட்டியல். இன்னொன்று, யார் யார் வரக்கூடாது என்ற தடைப் பட்டியல். தடைப் பட்டியலில் பெயர் இருந்தால் மற்றது எதுவும் எடுபடாது. இரண்டையுமே அவள் வந்த கையோடு ஒரு முறை பார்த்திருந்தாள். இப்போது மறுபடி பார்த்தாள். வரலாம் பட்டியலில் மூன்று கம்ப்யூட்டர்களும் இருந்தன. தடைப் பட்டியலில் ஒரே ஒரு பெயர், கொருக்குப்பேட்டை.

அது சரிதான். கொருக்குப்பேட்டையில் இவர்களுக்கு ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சின்னக் கிளை உண்டு. அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் போன வாரம் வைரஸ் புகுந்துவிட்டது. ஐரீனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். சனிக்கிழமை போனிலேயே சிலுவைமுத்துவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்: இந்த இடத்தைத் திற, அந்தக் கம்ப்யூட்டர் பெயரை அடி, சேமித்து மூடு. அவர் முடித்துவிட்டுப் பெருமையாக ஒரு கட்டைவிரல் படம்கூட அனுப்பியிருந்தார்.

"மாமா, சனிக்கிழமை இந்த ஒரு பேர்தானே போட்டீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. நீ சொன்ன எழுத்தை ஒவ்வொண்ணா பாத்து அடிச்சேன். தப்பா?"

"இல்ல. சரியா இருக்கு." மூன்றாவது முறையும் பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மு எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். திரையில் தன் புருஷனின் உயிரை யாரோ ஒளித்து வைத்திருப்பதுபோல வெறித்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது?"

"யாரை உள்ள வுடக்கூடாதுன்னு எழுதி வெச்ச லிஸ்ட்டும்மா. கொருக்குப்பேட்டை மட்டும்தான் இருக்கு."

"கொருக்குப்பேட்டை ரெண்டாவதா கீது. அதுக்கு மேல கூட்டல் போட்டு கீதே, அது இன்னாக்கா? எதோட எதைக் கூட்டணும்?"

"எது?"

"த, இது!" அம்மு விரலைத் திரையிலேயே வைத்து அழுத்தினாள்.

ஐரீன் பார்த்தாள். பட்டியலின் முதல் வரியில், நட்ட நடுவே, தன்னந்தனியாக ஒரு +.

மூன்று முறை பார்த்தும் அது அவள் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? ஐந்து வயதில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் சிலேட்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்து, எழுதுகிற எந்தப் பக்கத்திலும் முதலில் உச்சியில் ஒரு சிலுவை, அப்புறம்தான் தேதி. பரீட்சைத் தாளில் சிலுவை. மளிகைச் சீட்டில் சிலுவை. கல்யாணத்துக்கு முன் ஃப்ரெடிக்கு எழுதிய கடிதங்களில்கூடச் சிலுவை. அவள் வளர்ந்த தெருவில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். பக்கத்தின் உச்சியில் சிலுவையைப் பார்த்தால் அதை யாரும் படிப்பதில்லை. அது தாளோடு பிறந்த மச்சம் மாதிரி. வியாசர்பாடியிலிருந்து வந்த அம்முவுக்கு மட்டும் அது வெறும் கூட்டல் குறியாகத் தெரிந்தது. அதனால்தான் அது அவள் கண்ணில் பட்டது!

"மாமா!" ஐரீன் போட்ட சத்தத்தில் சிலுவைமுத்துவின் கையிலிருந்து ஜெபமாலை நழுவி விழுந்தது. "லிஸ்ட்டுக்கு மேல சிலுவை போட்டீங்களா?"

"போட்டேம்மா. எது எழுதினாலும் போடாம ஆரம்பிக்க மாட்டேனே. ஏன்?"

"இந்தப் பொட்டிக்கு அது சிலுவை இல்ல மாமா. பழைய காலத்து சர்வர் பாஷையில தனியா ஒரு ப்ளஸ் போட்டா, எல்லாரும்னு அர்த்தம். நீங்க வரக்கூடாத லிஸ்ட்டுல மொதல்ல எல்லாரையும் எழுதிட்டு, அப்புறம் கொருக்குப்பேட்டையை எழுதியிருக்கீங்க. பொட்டி புதுசா எழுந்திருக்கும்போதுதான் இந்த லிஸ்ட்டைத் தானா படிக்கும். காலைல கரண்ட் போயி வந்துச்சா, எழுந்துச்சு, படிச்சுது, எல்லார் மூஞ்சியிலயும் கதவைச் சாத்திடுச்சு."

சிலுவைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டார். "என் சிலுவையா? நான் போட்ட சிலுவையாம்மா அந்தப் புள்ளைய..." வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐரீனின் சுட்டி அந்த + குறியின் பக்கத்தில் போய் நின்றது. அழிக்கிற விசையின் மேல் விரலை வைத்தாள். அந்த விரல் ஒரு நொடி தயங்கியது. இந்த வயது வரை ஆயிரம் சிலுவை போட்டிருப்பாள். ஒன்றைக்கூட அழித்ததில்லை.

"அழிக்கா!" அம்மு அலறினாள். "இன்னா யோசனை பண்ணிகினு கீற!"

அழித்தாள். சேமித்தாள். பட்டியலை மறுபடி படிக்கும்படி பெட்டிக்கு உத்தரவு கொடுத்தாள். இதற்கு ஆறு நிமிடம் தேவையில்லை, பத்து நொடி போதும்.

"டெபோரா! இப்போ பாரு!"

விசை தட்டும் சத்தம். பிறகு ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழும் சத்தம்.

"வுட்டுச்சுக்கா! உள்ள வுட்டுச்சு!"

மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. ஐரீனும் அம்முவும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினார்கள். டெபோரா பரசுராமன் என்று அடித்துத் தேடினாள். நான்கு பரசுராமன்கள் வந்தார்கள். நான்கு பேருமே தலைக்கு ஸ்கேன் எடுத்தவர்கள்.

"எந்த மாசம்மா எடுத்தது?"

"மாசம்... மாசம் தெரியலையே! எங்க தெரு அம்மனுக்குக் கூழு ஊத்துன மறுநா. அவரு முந்தின நாள் கூழு அண்டாவத் தூக்குனாரு, மறுநா லாரில இருந்து வுழுந்தாரு!"

"ஆடி" என்றாள் ஐரீன். "ஜூலை, ஆகஸ்ட். பாரு டெபோரா."

ஒரே ஒரு பரசுராமன் ஆகஸ்டில் இருந்தார். வயது முப்பத்தெட்டு, வியாசர்பாடி. டெபோரா படத்தைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு மனிதனின் மூளை திரையில் மலர்ந்தது. அம்மு இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு அதைப் பார்த்தாள், கருவறையைப் பார்ப்பதுபோல.

டெபோரா வரிசையாக எல்லா அடுக்குகளையும் டாக்டரின் போனுக்கு அனுப்பினாள். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குக் கடைசிப் படம் போனது. நான்கு பேரும் மேஜை மேலிருந்த அம்முவின் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டு. பன்னிரண்டு ஒன்று. பன்னிரண்டு இரண்டு. அம்மு ஐரீனின் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் அவள் நகம் தோலில் இறங்கியது. ஐரீன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு நான்குக்கு போன் அடித்தது.

"அதே இடம். அதே அளவு. பழசுதான்." டாக்டர் மகிமாவின் குரலில் முதல் தடவையாக ஒரு மனுஷி தெரிந்தாள். "ஊசி உள்ள போயிட்டிருக்கும்மா. நீங்க கிளம்பி வாங்க. என்ன ஆகும்னு இப்போ நான் சொல்ல மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் பொறுக்கணும்."

அம்மு ஐரீனின் கன்னத்தைத் தடவினாள். டெபோராவின் தலையைத் தொட்டாள். சிலுவைமுத்துவின் முன்னால் போய் நின்றாள். அவர் கைகூப்பித் தலைகுனிந்து நின்றார், தண்டனையை எதிர்பார்க்கிற மாதிரி.

"பெர்சு, எதுக்கு அழுவுற?" என்றாள் அம்மு. "சாமி கும்பிட்டுத்தானே எழுதுன? நான் படத்தைத் தூக்கிப் போட்டேனே, சாமி கும்பிட்டுட்டா போட்டேன்?" சொல்லிவிட்டு, ஜோடி சேராத அந்த இரண்டு செருப்புகளோடு ஆட்டோவை நோக்கி ஓடினாள்.

மத்தியானம் சிலுவைமுத்து சாப்பிடவில்லை. தன் மேஜையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதப் போகிறார் என்பது ஐரீனுக்குப் புரிந்தது. பேனா தாளின் உச்சிக்குப் போனது, தன் வழக்கப்படி ஒரு கோடு இழுத்தது, குறுக்குக் கோடு இழுக்கப் போன இடத்தில் நின்றுவிட்டது. அவர் தோள் குலுங்கியது.

ஐரீன் அந்தத் தாளை மெல்ல உருவிக்கொண்டாள். "தப்பு என்னோடது மாமா. போன்ல எதை அடிக்கணும்னு சொன்னேன், எதை அடிக்கக் கூடாதுன்னு சொல்லல. நானே எழுதியிருந்தா நானும் போட்டிருப்பேனோ என்னவோ. காயிதத்துல எங்க வேணா போடுங்க. பொட்டியில மட்டும் வேணாம். அது ஞானஸ்நானம் வாங்கல."

அவர் அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "அந்தப் புள்ள பொழைச்சுக்குவானா ஐரீனு?"

அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒயரும் பெட்டியும்தான். அச்சகத்திலிருந்து நான்கு முறை கூப்பிட்டார்கள். வயிற்றுவலி என்று பொய் சொன்னாள். இங்கிருந்து நகர மனம் வரவில்லை. பெட்டியைத் துடைத்தாள். கேபிள்களைக் கட்டினாள். தடைப் பட்டியலை இன்னும் இரண்டு முறை திறந்து பார்த்து மூடினாள். மூன்று மணி ஆனது, நான்கும் ஆனது.

நாலே காலுக்கு அவள் போன் அடித்தது. அம்முவின் எண். எடுத்தவுடன் இரைச்சல், ட்ராலிச் சக்கரங்களின் சத்தம், யாரோ நர்சம்மா அதட்டும் குரல். எல்லாவற்றுக்கும் மேலே அம்மு கத்தினாள்:

"எக்கா, லைன்ல இரு! நைனா, பேசு. அக்காகிட்ட பேசு. ஏதாச்சும் சொல்லு நைனா!"

ஐரீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சிலுவைமுத்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். டெபோரா வாசலில் வந்து நின்றாள். மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. கனமான ஆம்பளை மூச்சு. ஏதோ தொண்டைக்குள் புரண்டது. நின்றது. மறுபடி புரண்டது.

"யாரும்மா நீ?" என்றது அந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் எரிச்சலாக, ஆனால் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல்.

நாற்பது ஆபீஸ்களுக்கும் பதில் சொல்லத் தெரிந்த ஐரீன், பதிலுக்குப் போனைச் சிலுவைமுத்துவின் காதில் வைத்தாள்.